வெள்ளிக்கிழமை பிரியாணியும் ஜெசிந்தா அக்காவும்

ஜெசிந்தா அக்கா போய்விட்டார். டொராண்டோவில், மகள் வீட்டில், தூக்கத்திலேயே...

செய்தி வந்தது எங்கள் ஆபீஸ் வாட்ஸ்ஆப் குரூப்பில். லீவு சர்க்குலருக்குக் கீழே ஒரே ஒரு வரி. அதற்கு ஏழு பேர் தம்ஸ்அப் போட்டிருக்கிறார்கள். சாவுக்கு யாராவது தம்ஸ்அப் போடுவானா?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தோஹாவில் எங்கள் கம்பெனியின் ஹெச்ஆர் டிபார்ட்மெண்ட்டே அவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட இரண்டு வயது சின்னவர், ஆனாலும் எல்லாரும் அக்கா என்றதால் எனக்கும் அக்கா, நேரில் மட்டும் மேடம்.

நான் இங்கே வந்தது டைல்ஸ் மேசனாக. நான் போட்ட தரையில் இன்னும் முகம் பார்த்துத் தலை சீவலாம், கத்தார் முழுக்க விசாரித்துப் பாருங்கள். தோள்பட்டை இறங்கிப்போனதும் ஆபீஸில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். அப்படித்தான் நான் ஹெச்ஆர் ஆனது. பத்தாவதை இரண்டு தடவை எழுதியவன் வேறு எவன் ஆகியிருக்கிறான், சொல்லுங்கள்.

முதல் நாள் நஜ்மா கடைத்தெருவில் புது டை வாங்கிக் கட்டிக்கொண்டு போனேன்.

"கழுத்தில என்ன அது?" என்றார் அக்கா.

"டை மேடம். ஹெச்ஆர்னா ஒரு கெத்து வேணும்ல..."

"கழட்டும். ஆக்கள் பயப்பிடுவினம்."

இப்படித்தான் எல்லாவற்றிலும். ஒரு மனிதனைக் கொஞ்சம் வளர விடமாட்டார்.

எனக்கு அவர் கொடுத்த வேலை, ஊரிலிருந்து புதுசாக வரும் ஆட்களுக்கு காண்ட்ராக்ட்டைத் தமிழில் படித்துச் சொல்வது. நாலு பக்கம். படித்து முடிப்பதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். ஏர்போர்ட்டிலிருந்து நேராக வந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள், முகமெல்லாம் தொங்கிப்போய்... பார்க்கச் சகிக்கவில்லை.

அதனால் முதல் பேட்ச்சுக்கு நான் கொஞ்சம் உற்சாகமாகப் படித்தேன்.

"கம்பெனி விதிப்படி சாப்பாடு" என்று ஒரு வரி. விதி என்றால் என்ன என்று ஒருத்தன் கேட்டான். வெள்ளிக்கிழமை மட்டன் பிரியாணி, மற்ற நாள் சிக்கன் என்று விளக்கினேன். பஸ்ஸில் டிவி உண்டு என்றேன். நீச்சல் குளம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னதாகச் சொல்கிறார்கள். எனக்கு ஞாபகமில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. பருப்பும் குபூஸ் ரொட்டியும்.

சனிக்கிழமை காலை ஒருத்தனும் பஸ் ஏறவில்லை. இந்த ஊரில் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மேனேஜர் வந்தார். யார் சொன்னது பிரியாணி என்று கேட்டார். மொத்தப் பேட்ச்சும் என்னைத்தான் கை காட்டியது.

"இந்தப் பயல்களில் நாலு பேரை ஊருக்கு அனுப்பு. இவனைத் திரும்ப டைல்ஸுக்கு அனுப்பு. கலாஸ், முடிந்தது." ஹிந்தியில் இதுதான் சொன்னார்.

எனக்குக் கை தோளுக்கு மேலே தூக்க வராது. டைல்ஸ் பெட்டியை எங்கே தூக்குவது? அது ஊருக்குப் போ என்று சொல்வதேதான். அப்போது என் மூத்தவள் காலேஜ் முதல் வருஷம்.

ஜெசிந்தா அக்கா மேனேஜர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். இருபது நிமிடம் இங்கிலீஷ். வெளியே எனக்குப் புரிந்தது "பிரியாணி" மட்டும்தான்.

வந்து என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"மேடம், என்ன சொன்னாரு?"

"உமக்குத் தேவையில்லை. பின்னேரம் கேம்ப்புக்கு வாரும். திரும்ப வாசிக்க வேணும்."

வாசித்தேன். ஆட்கள் தங்கும் கேம்ப்பில், நாலு பக்கத்தையும், அத்தனை பேர் முன்னால், அவர் பக்கத்தில் நின்றுகொண்டு.

"பஸ் வசதி உண்டு... நல்ல பஸ்ஸு..."

"நல்ல எண்டு எங்க இருக்கு?"

"இல்ல மேடம்."

"இல்லாட்டி விடும்."

முருகேசன் என்று ஒருத்தன் பின்னாலிருந்து, "அக்கா, அண்ணன் மூச்சு விடுறதாவது பேப்பர்ல இருக்கான்னு பாருங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கடைசியில் அவரே, "வெள்ளிக்கிழமை பிரியாணி. கோழி. மட்டன் இல்லை. இது இப்ப பேப்பரில இருக்கு" என்று ஒரு காகிதத்தைக் காட்டினார். மறுநாள் எல்லாரும் பஸ் ஏறினார்கள். யாரையும் ஊருக்கு அனுப்பவில்லை. என் நாற்காலியும் அப்படியே இருந்தது.

அதற்கப்புறம் அவர் கனடா போகும் வரைக்கும், நான் வாசித்த ஒவ்வொரு பேட்ச்சுக்கும் வந்து பக்கத்தில் நின்றார். எத்தனை வருஷம்... எரிச்சலாக வரும் எனக்கு.

அந்தப் பிரியாணியை நான்தான் போராடி வாங்கிக் கொடுத்தேன் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த முகநூலிலேயே இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். நிறைய லைக்.

இன்று மத்தியானம் கேம்ப்புக்குப் போய் முருகேசனிடம் செய்தியைச் சொன்னேன். இப்போது ஃபோர்மேன் அவன்.

"யாரு, நம்ம பிரியாணி அக்காவா?"

"டேய், அத வாங்கிக் குடுத்தது..."

"அண்ணே, அன்னிக்கு மேனேஜர் ரூமுக்குள்ள டீ கொண்டுபோன நேபாளி ஆபீஸ் பாய் அப்பவே எங்ககிட்ட சொல்லிட்டாரு. இவங்கள்ல ஒருத்தனையோ அந்த ஆளையோ அனுப்புறதா இருந்தா என் டிக்கெட்டையும் சேத்துப் போடுங்கன்னு அக்கா சொல்லிச்சாம். நீங்க ஆசையாச் சொல்லிட்டுத் திரியிறீங்களேன்னு விட்டுட்டோம்."

அந்த ஆள் என்றால் நான்.

இத்தனை வருஷம் பக்கத்து மேசை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்ன மனுஷி இவர்? சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன் இல்லையா...

சரி அக்கா. நல்லபடியாகப் போங்கள்.

எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பிரியாணி அக்கா வாங்கிக் கொடுத்தது.