அக்காவின் பிறப்புச் சீட்டு

மார்கழி விடுமுறைக்கு இரண்டு நாள் இருக்கும்போது சோமசுந்தரம் மாஸ்டர் கரும்பலகையில் ஒரு தலைப்பை எழுதினார்: ‘இந்த ஆண்டில் என் மனத்தில் நின்றவை.’ தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புக்கும் ஒரே அறை, ஒரே மாஸ்டர். ஐந்தாம் வகுப்பில் அந்த ஆண்டு மூன்று பேர்தான் இருந்தார்கள். மற்ற இரண்டு பேரும் பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்க, நாகலெட்சுமி ஒரு பக்கத்தை நிறுத்தாமல் எழுதி முடித்தாள். மாரியம்மன் திருவிழாவில் காவடி பார்த்தது, தலவாக்கலையில் நடந்த வாசிப்புப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியது, முதல்முறையாக ரயிலில் போனது, நுவரெலியாவில் ஏரி பார்த்தது. மாஸ்டர் கீழே ‘நன்று’ என்று எழுதினார். அதற்கு மேல் அவர் யாருக்கும் எழுதியதில்லை.

எழுதியது எதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த ஆண்டு, 1956, அவளுக்கு அப்படி நடக்கவில்லை.

நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் அவள் பிறப்பதற்கு முன்னாலிருந்து தொடங்க வேண்டும். வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலேயிருந்த அந்தத் தோட்டத்தில் அழகுமுத்து தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். மீனம்மா கொழுந்து பறிக்கிறவள். 1942 கடைசியில் அவர்களுக்கு முதல் பெண் பிறந்தது. நாகலெட்சுமி என்று பெயர் வைத்தார்கள். பிறப்பைப் பதிந்து சீட்டும் வந்தது. ஒன்றரை வயதில் வயிற்றோட்டம் கண்டு பிள்ளை போய்விட்டது. அடுத்த மாசியில் இன்னொரு பெண் பிறந்தது. போனவள்தான் திரும்பி வந்திருக்கிறாள் என்று, வரிசை வீடுகளாக இருந்த அந்த லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். அதே பெயரை வைத்தார்கள். பிறப்பைப் பதிய வேண்டுமே என்று தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் கேட்டதற்கு அழகுமுத்து, “சீட்டு இருக்குங்க” என்றான். அவன் ஏமாற்றவில்லை. பெயர் ஒன்று, அப்பன் ஒன்று, ஆத்தாள் ஒன்று. ஆளும் அதே ஆள் என்று ஊரே சொல்கிறது. அப்புறம் எதற்கு இன்னொரு சீட்டு?

அந்தச் சீட்டைக் காட்டித்தான் இரண்டாவது நாகலெட்சுமியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பிரஜாவுரிமை மனுவிலும் அந்தச் சீட்டைத்தான் வைத்தார்கள். நாடு சுதந்திரம் அடைந்த கையோடு, தோட்டத்து ஜனங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று ஆகிவிட்டது. வேண்டுமென்றால் மனுப் போட்டுக் கேட்கலாம் என்றார்கள். அழகுமுத்து இந்த மலையில் பிறந்தவன். அவனுடைய அப்பாவைப் புதைத்ததும் இதே மலையில்தான். நீ இங்கே உள்ளவன்தான் என்று எழுதிய ஒரு தாள் அவனுக்கு வேண்டியிருந்தது. அதற்காக ஐந்து வருஷம் காத்திருந்தான். கடைசியில் 1956 மார்ச்சில் விசாரிக்க ஆள் வந்தார்.

வந்தவர் வயதான சிங்களவர். பக்கத்தில் தமிழில் கேட்டுச் சொல்ல ஒருவர். தோட்டத்து ஆபீஸ் வராந்தாவில் மேசை போட்டிருந்தது. அழகுமுத்துவிடம் கேட்டார்கள், மீனம்மாவிடம் கேட்டார்கள். இருவரும் கையைக் கட்டிக்கொண்டு, பாதி வார்த்தையை விழுங்கிப் பதில் சொன்னார்கள். பிள்ளையைப் பார்த்து மொழிபெயர்ப்பாளர் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார்.

“ஒம் பேரென்ன பாப்பா?”

“அழகுமுத்து மகள் நாகலெட்சுமிங்க. ஐந்தாம் வகுப்பு.”

“அடேயப்பா, முழுசா சொல்றியே. வயசு?”

“பதினொண்ணுங்க.”

அவர் தாளைப் புரட்டினார். “இதுல பதிமூணு இருக்கே?”

“அது அக்கா சீட்டுங்க. அக்கா செத்துப்போச்சு. அதே பேரத்தான் எனக்கு வச்சாங்க.”

மொழிபெயர்ப்பாளர் இதைச் சிங்களத்தில் சொன்னதும் பெரியவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். சிரித்தார். பிறகு எழுதினார். மாஸ்டரிடம் பாடம் ஒப்பித்துவிட்டு நிற்கும்போது வருகிற மகிழ்ச்சிதான் நாகலெட்சுமிக்கு அப்போது இருந்தது. அவள் பார்க்காமல் விட்டது அப்பாவின் முகத்தை.

மேட்டில் பாதி வழி ஏறியதும் அழகுமுத்து நின்றான்.

“ஒன்னைய யாருடி கேட்டா?”

“அவருதாம்ப்பா கேட்டாரு.”

“கேட்டா? பெரிய அரிச்சந்திரன் மக!”

“புள்ளைய ஏன் வையிறீங்க?” என்றாள் மீனம்மா. “பொய்யா சொல்லிச்சு?”

“பொய் சொல்லியிருந்தா வைய மாட்டேன்டி” என்று சொல்லிவிட்டு அவன் முன்னால் நடந்தான்.

ஜூனில் ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. வட்டகொடையில் ஒரு சில்லறைக் கடையின் ஓரமாக உட்கார்ந்து மனு எழுதித் தருகிற நாகரத்தினத்திடம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் இரண்டு தடவை படித்தார்.

“புள்ளையோட வயசப் பத்தி வெளக்கம் கேக்கிறாங்க. மூணு மாசம் தவணை. சரியான காரணம் காட்டாட்டி மனு தள்ளுபடி.”

“என்ன செய்யலாங்க ஐயா?”

“ரெண்டு வழி இருக்கு. உள்ளத உள்ளபடி ஒத்துக்கிட்டு, செத்த புள்ளையோட மரணப் பதிவ எடுத்து, இந்தப் புள்ளைக்குப் பிந்திய பதிவுக்கு எழுதிப் போட்டு, சாட்சி புடிச்சு, அது வரைக்கும் தவணை கேக்கணும். இல்லேன்னா, புள்ள தெரியாம ஒளறிடுச்சு, ஒரே புள்ளதான், வயசு பதிமூணுதான்னு ஒரு வார்த்தையில முடிச்சிக்கணும்.”

“எது நல்லதுங்க?”

“மொதலாவது நேரானது. ரெண்டாவது லேசானது. நல்லது எதுன்னு என்னையக் கேக்காத.”

அழகுமுத்து லயத்துக்கு வந்து, சுவருக்கு அந்தப் புறம் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த ஆண்டியப்பனிடம் கேட்டான். ஆண்டியப்பன் போன வருஷம் எல்லா உண்மையையும் சொன்னவன். மாமியார் சாவுக்காகப் பெண்சாதி இந்தியாவுக்குப் போய், அங்கேயே காய்ச்சலில் கிடந்து, நாள் கழித்துத் திரும்பி வந்ததைக் கேட்காமலே சொன்னான். தொடர்ந்து இங்கே இருக்கவில்லை என்று அவன் மனு தள்ளுபடியாகிவிட்டது.

“நாஞ் சொன்னேன். இப்ப என்ன ஆனேன், பாரு” என்றான் ஆண்டியப்பன். “அவிங்களுக்கு வேண்டியது உண்மை இல்லப்பா. தாளுந் தாளும் ஒத்துப் போவணும், அவ்வளவுதான்.”

இந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. பயந்த மனிதனுக்குப் பக்கத்துக் காம்பராவின் அனுபவத்தைவிடப் பெரிய சாத்திரம் இல்லை. அழகுமுத்து லேசான வழியை எடுத்தான்.

அன்று முதல் நாகலெட்சுமிக்குப் புதிய பாடம். வேலை விட்டு வந்து கவ்வாத்துக் கத்தியை மூலையில் வைத்ததும் அப்பா கேட்பான். அவள் சொல்ல வேண்டும். வயசு? பதிமூணுங்க. கூடப் பிறந்தவங்க? யாருமில்லைங்க. போன தடவை ஏன் அப்படிச் சொன்னே? பயத்துல ஒளறிட்டேங்க. அவள் எதையும் சீக்கிரம் மனப்பாடம் செய்கிறவள். மூன்றாம் நாள் அழகுமுத்துவே மெச்சினான்.

மீனம்மாவுக்கு ஏறவில்லை. “ஒனக்கு எத்தன புள்ள?” என்று புருஷன் கேட்டால் வாயைத் திறந்து மூடிக்கொள்வாள். வருஷாவருஷம் பொங்கலுக்கு மறுநாள், செத்துப்போன மூத்தவளைக் கன்னித் தெய்வமாக நினைத்து, ஒரு சின்னப் பாவாடையும் வளையலும் ஓலைப்பெட்டியில் வைத்துச் சர்க்கரைச் சோறு படைப்பவள் அவள்.

“ஒண்ணுன்னு சொல்லு. ஒரு தடவதானடி” என்றான் அழகுமுத்து.

“ஒங்களுக்கு என்ன, வாயால சொல்லிப்புடலாம்” என்றாள் மீனம்மா. பிறகு மகளைப் பார்த்துக் கேட்டாள்: “அவ இல்லவேயில்லன்னு நீ சொல்லிப்புடுவியாடி?”

“அப்பா சொல்லச் சொல்றாரே.”

மீனம்மா அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

செப்டம்பரில் நுவரெலியாவில் விசாரணை. அதிகாலை ரயிலில் நானுஓயா வரை போய், அங்கிருந்து பஸ். நாகலெட்சுமிக்கு அதுதான் முதல் ரயில். சன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு, எதற்காகப் போகிறோம் என்பதை அடியோடு மறந்தாள். மலைகள் திரும்பித் திரும்பி வந்தன. நுவரெலியாவில் ஏரியைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகப் போவதைப் பார்த்தாள். தையில் தலவாக்கலைப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு அவளை அனுப்பலாம் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். தானும் இப்படி வரிசையில் போகப் போவதை அவள் அங்கே நின்று நினைத்தாள். அந்தச் சந்தோஷத்தைப் பின்னால் அவள் மன்னித்துக்கொள்ளவே இல்லை. பதினோரு வயதுப் பிள்ளை தன்னிடம் அவ்வளவு கறாராக இருக்க வேண்டியதில்லைதான்.

விசாரித்தவர் இந்த முறை வேறு ஆள், இளையவர், அவசரக்காரர். நாகலெட்சுமி பாடத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். பதிமூணுங்க. யாருமில்லைங்க. பயத்துல ஒளறிட்டேங்க. அவர் மீனம்மா பக்கம் திரும்பினார்.

“எத்தனை பிள்ளைகள் பெற்றாய்?”

மீனம்மா தரையைப் பார்த்தாள். அழகுமுத்து இருமினான்.

“ஒண்ணுங்க.”

அவர் கோபப்படவில்லை. கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தோட்டத்து டிஸ்பென்சரியின் மரணப் புத்தகத்திலிருந்து எடுத்த நகல். மார்ச்சில் சிரித்த பெரியவர், சிரித்ததோடு விடாமல் அதை எழுதிக் கேட்டு வாங்கி வைத்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் படித்தார்: அழகுமுத்து மகள் நாகலெட்சுமி, வயது ஒன்றரை, வயிற்றோட்டம், 1944.

“அப்படியென்றால் இந்தச் சீட்டில் இருக்கிற பிள்ளை செத்துவிட்டது” என்று அதிகாரி சொன்னதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். “இங்கே நிற்கிற இந்தப் பிள்ளை யார் என்று கேட்கிறார்.”

நாகலெட்சுமிக்குப் பதில் தெரியும். ஆனால் அவளுக்குக் கற்றுக்கொடுத்த பதில்களில் அது இல்லை. அப்பாவைப் பார்த்தாள். அப்பா கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதிகாரி சீட்டையும் நகலையும் சேர்த்துக் குத்திக் கோப்பில் வைத்தார். சீட்டைத் திருப்பித் தர மாட்டார்களா என்று அழகுமுத்து கேட்டான். பொய்யான சாட்சிக்குக் காட்டிய தாள் கோப்பில்தான் இருக்கும் என்றார்கள்.

திரும்பும்போது ரயிலில் கூட்டம். மூவரும் நின்றுகொண்டு வந்தார்கள். நானுஓயா தாண்டியதும் நாகலெட்சுமி கேட்டாள்.

“அப்பா, நான் மொத சொன்னதையே சொல்லியிருந்தா குடுத்திருப்பாங்களா?”

“ஆண்டியப்பனுக்குக் குடுத்தாங்களா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன?”

உண்மை சொன்னவனுக்கும் கிடைக்கவில்லை. பொய் சொன்னவனுக்கும் கிடைக்கவில்லை. இதில் எது எதனால் என்று பிரித்துக் காட்ட இன்னொரு செப்டம்பர் யாருக்கும் கிடைப்பதில்லை. தான் முதலில் சொன்னதால் கெட்டதா, பிறகு மாற்றிச் சொன்னதால் கெட்டதா, எதைச் சொல்லியிருந்தாலும் கெட்டிருக்குமா? இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டேதான் அவள் வட்டகொடையில் இறங்கினாள். மீனம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. ‘ஒண்ணுங்க’ என்று சொன்ன வாயை அவள் திரும்பத் திரும்ப முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

நவம்பரில் மனு தள்ளுபடி என்று கடிதம் வந்தது. அதைப் படிக்க நாகரத்தினம் தேவைப்படவில்லை. எல்லா லயத்துக்கும் அதே மாதிரிக் கடிதம் வந்துகொண்டிருந்தது.

பள்ளி விடுமுறை விட்ட அன்று சோமசுந்தரம் மாஸ்டர் லயத்துக்கே வந்தார். தலவாக்கலைப் பள்ளிக்கூடத்தில் பேசியிருந்தார், எடுத்துக்கொள்ளச் சம்மதம். பிறப்புச் சீட்டு மட்டும் வேண்டும்.

“சீட்டு அவிங்க கிட்ட இருக்குங்க” என்றான் அழகுமுத்து. “இருந்தாலும் அது இவ சீட்டு இல்லைன்னு ஆயிப்போச்சுங்களே.”

“புதுசாப் பதியலாம் அழகுமுத்து. பிந்திய பதிவுன்னு இருக்கு. கொஞ்சம் அலையணும், அவ்வளவுதான். நான் எழுதித் தாறேன். நீங்க வந்து, இது எம் மக, இன்ன மாசம் பொறந்தான்னு சத்தியம் பண்ணணும்.”

“சத்தியமா?” அழகுமுத்து சிரித்தான். “போன மாசந்தாங்க எம் பேருல பொய்யன்னு எழுதி வச்சிருக்காங்க. அந்த வாய வச்சிக்கிட்டு இனி எந்த ஆபீசுல போயி நான் சத்தியம் பண்றது?”

“அது வேற ஆபீஸ், இது வேற ஆபீஸ்.”

“எனக்கு எல்லா ஆபீசும் ஒண்ணுதாங்க. இனி எந்த வாசலையும் மிதிக்க மாட்டேன் மாஸ்டர். கோவிச்சுக்காதீங்க.”

மாஸ்டர் மீனம்மாவைப் பார்த்தார். அவள், “நான் வாறேங்க” என்று சொல்லப் போனவள்போல ஓரடி வைத்தாள். அங்கே போனால் எத்தனை பிள்ளை என்று மறுபடியும் கேட்பார்கள் என்ற நினைப்பு வந்ததோ என்னவோ, நின்றுவிட்டாள். நாகலெட்சுமி தேநீர்க் கோப்பையை மாஸ்டரிடம் நீட்டினாள். அவர் குடித்தார். அவரும் ஒரு சம்பளக்காரர். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

பொங்கல் கழிந்த வாரத்தில் ஒருநாள் காலை, ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிற பெரட்டுக் களத்தில் புதிதாகப் பேர் பதிகிற பிள்ளைகளை நிறுத்தியிருந்தார்கள். அழகுமுத்து மகளைக் கூட்டிக்கொண்டு போனான். பன்னிரண்டு வயது ஆகாத பிள்ளையைச் செக்ரோல் என்கிற வேலைப் பதிவில் சேர்க்கக் கூடாது. மாசி பிறக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது.

“வயசென்ன?” என்று கேட்டார் கணக்கப்பிள்ளை.

“பன்னெண்டு முடிஞ்சிருச்சுங்க” என்றான் அழகுமுத்து.

“சீட்டு?”

“இல்லைங்க.”

கணக்கப்பிள்ளைக்கு நுவரெலியாக் கதை தெரியும். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “படிக்கிற புள்ளைல்ல நீ? நீயே சொல்லு. எத்தன வயசு ஒனக்கு?”

பெரட்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி, “சரியா சொல்லிருவா, கவனமா எழுதிக்கங்க!” என்றாள். சிரிப்பு எழுந்தது.

நாகலெட்சுமி அவளைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை.

“அப்பா சொல்றதுதாங்க” என்றாள்.

கணக்கப்பிள்ளை எழுதிக்கொண்டார். அவளை மூன்றாம் நம்பர் மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்பினார்கள். மீனம்மா தான் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து மகளுடைய இடுப்பில் சுற்றிக் கட்டினாள். மழைக் குளிர் ஏறாமல் இருக்க இரண்டு சுற்றுச் சுற்றினாள். பிள்ளைக்கு அது பெரிதாக இருந்தது.