நீலக் கட்டங்களின் காவலர்

1. அக்காள்மடம் என்ற மீனவ ஊரின் வீடியோ ஸ்டுடியோவில் பழைய கம்ப்யூட்டர் மெதுவானது.
2. ஹார்டு டிஸ்கில் சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் மென்பொருளை ஸ்டுடியோக்காரர் ஓட்டினார்.
3. டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட்டது. மறுபடியும் ஓட்டினார்.
4. பழுது பார்க்க என்னைக் கூப்பிட்டார்.

நான் போனபோது, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, திரையில் சிதறிய கோப்புகளின் சிவப்புக் கட்டங்கள் ஒன்றுசேர்ந்து நீலமாவதை ஜெபமாலை உருட்டுகிறவரின் பொறுமையுடன் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கட்டம் மாறும்போதும், தானே தூக்கி வைத்தவர்போலத் தலையாட்டினார்.

"அண்ணே, டிஸ்க் சாகப்போகுது. இத நிப்பாட்டிட்டு முதல்ல காப்பி எடுங்க."

"மீன்பிடி தடைக்காலத்துல போட்டை மராமத்து பாக்குறோமா இல்லையா? அது மாதிரிதான் தாயி இது."

"போட்டைக் கரையேத்தித்தான பாப்பீக? இது மீன் பாரத்தோட நடுக்கடல்ல நிக்குது."

"படிச்ச புள்ளைக எதுக்கெடுத்தாலும் பயப்படுதுக. முக்காவாசி நீலம் வந்துருச்சு பாரு."

அந்த டிஸ்கில் பக்கத்துத் தெருப் பெண்ணின் திருமண வீடியோ இருந்தது. வேறு பிரதி இல்லை. கேமரா கார்டையும் அடுத்த விசேஷத்துக்காக அழித்துவிட்டார். "ஓடி முடியட்டும், எடுத்துக்கலாம்" என்றார். சாயங்காலம் சத்தம் நின்றது. டிஸ்கும் நின்றது.

வீடியோ கேட்டு வந்த பெண்ணின் அம்மாவிடம், "வைரஸ் வந்துருச்சுக்கா" என்றார், முகம் மாறாமல். அந்த நிம்மதி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை.

இப்போது அவரிடம் சுழலும் தட்டே இல்லாத, எஸ்எஸ்டி என்ற புதுவகை டிஸ்க் இருக்கிறது. அதற்கு டிஃப்ராக் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். தினமும் ஓட்டுகிறார். திருமண வீடியோ கிடைக்கவில்லை.