கவிழ்த்து வைத்த போன்

பஹ்ரைனில், மனாமாவின் குதைபியாப் பகுதியில் மீராசா டெய்லர் கடை எங்கே என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். ருக்கையா லாத்தா கடை எங்கே என்று கேளுங்கள், கையோடு கூட்டிப்போய் வாசலில் விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். மீராசாவுக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. "என் பேரு போர்டுல இருக்கு, அவ பேரு ஊர் வாயில இருக்கு. ரெண்டுக்கும் ஒரே வாடகைதானே" என்பார்.

ருக்கையா காயல்பட்டினத்துப் பெண். அங்கே அக்கா என்றால் லாத்தா, அண்ணன் என்றால் காக்கா, புருஷன் என்றால் மச்சான். மீராசாவைக் கட்டிக்கொண்டு பஹ்ரைனுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மெஷினில் உட்கார்ந்தால் அவளுக்குப் பாட்டு ஓட வேண்டும். ஆனால் போனைக் கவிழ்த்து வைத்துத்தான் கேட்பாள். படம் கண்ணில் பட்டால் கை தவறிவிடும், அபாயாவுக்கு ஒரு கை நீளம் ஒரு கை குட்டை ஆகிவிடும். அந்தப் பழக்கத்தில் வந்ததுதான் அவள் காது. பாடுகிறவள் என்ன உடுத்தியிருக்கிறாள், பின்னால் எத்தனை பேர் குதிக்கிறார்கள், எதுவும் அவளுக்குத் தெரியாது. எந்த இடத்தில் குரல் மூச்சுக்குத் திண்டாடியது, எந்த இடத்தில் மத்தளம் முந்திக்கொண்டது, அது தெரியும்.

ஏழு கடல் பாட்டுப் போட்டி என்று ஒன்று வருஷா வருஷம் நடக்கிறது. நாட்டுக்கு ஒரு பாடகர், ஒரு புதுப் பாட்டு. டிவியில் வரும், போனில் ஓட்டுப் போடலாம். சித்ரா தீவுப் பக்கம் தொழிலாளர் கேம்பில் இருக்கும் பழனிச்சாமி, கால்சட்டையைக் குறுக்க வந்தவர், ஒருமுறை சலித்துக்கொண்டார்: "போட்டி அன்னைக்குப் பாத்து நைட் டூட்டி போட்டுட்டான் லாத்தா. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றானுங்க. எந்தப் பாட்டுத்தான் நல்லாருக்குன்னு தெரியலே."

"நான் கேட்டுச் சொல்றேன், போங்க" என்றாள் ருக்கையா.

எழுத அவளுக்குப் பொறுமை கிடையாது. வாய்ஸ் மெசேஜில் பேசி அனுப்பினாள். அதைப் பழனிச்சாமி ரூமில் சத்தமாக வைத்தார், ரூமில் இருந்தவர்கள் தங்கள் கம்பெனி ஆட்களுக்குத் தள்ளிவிட்டார்கள். இப்படியே அது குவைத்துக்குப் போனது, மஸ்கட்டுக்குப் போனது. டூட்டி முடிந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு லாத்தா சொன்னால் சரி என்று ஆகிவிட்டது. யாரையும் அவள் தாஜா பண்ண மாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

இந்த வருஷம் அந்தப் போட்டி மனாமாவுக்கே வந்தது. ரசிகர் நிருபர் என்று ஒரு பாஸ் தருகிறார்கள், ஒத்திகையிலேயே உட்கார்ந்து கேட்கலாம், அதற்கு ஏதாவது சங்கத்தின் சிபாரிசு வேண்டும் என்றார்கள். ஒரு தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் விஜயபாஸ்கர் நல்ல மனுஷர், மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ருக்கையாவின் கழுத்தில் பச்சைப் பட்டை ஏறியது. பத்திரிகைக்காரர்களுக்குச் சிவப்பு, ரசிகர்களுக்குப் பச்சை.

"எந்த சேனல்?" என்று வாசலில் நின்ற ஆள் கேட்டான்.

போனைத் தூக்கிக் காட்டினாள். "இதான் சேனல்."

உள்ளே பக்கத்து நாற்காலியில் உமாராணி. குவைத்தில் ஃபஹாஹீலில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை, லீவு போட்டு வந்திருந்தாள். அவளும் பச்சைப் பட்டைதான். போட்டியைப் பற்றி வீடியோ போடுவாள். விளக்கு, உடுப்பு, நடை, தலைமுடி எல்லாம் அவள் கண்ணுக்குத் தப்பாது. இருவரும் அதுவரை போனில் சண்டை போட்ட பழக்கம்தான்.

"லாத்தா, மேடையைப் பாருங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்தா தூங்குறீங்கன்னு நெனைப்பான்."

"நெனைச்சா நெனைக்கட்டும். நீ கண்ணால கேளு, நான் காதால பாக்கிறேன்."

போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டாள். நேபாளத்துப் பெண் பிமலா பாடினாள். ஒற்றை மத்தளம், ஒரு குரல். வேலைக்குப் போனவன் வீட்டுக்குப் பேசும்போது லைன் விட்டு விட்டு வருமே, அது மாதிரி நின்று நின்று எழும்பும் மெட்டு. ருக்கையாவின் கால் தன்னால் மெஷின் மிதிக்கிற மாதிரி அசைந்தது. அப்புறம் நம்ம நாட்டுப் பாடகன் சோலைமுத்து வந்தான். தமிழ்ப் பையன், தமிழ்ப் பாட்டு. ஆரம்பம் நன்றாக இருந்தது. நடுவில் குரல் பாதியாகச் சுருங்கிப்போனது. கடைசி வரை அது பழையபடி எழும்பவே இல்லை.

அன்று சாயங்காலம் வாய்ஸ் மெசேஜில் சொன்னாள்: நேபாளம் முதலாவது. நம்ம பையன் ஆறாவது. பாட்டு நல்ல பாட்டு, பாடுகிறவனுக்கு மூச்சு இல்லை.

அவ்வளவுதான், போன் அடுப்பு மேல் வைத்தது போலச் சுட்டது. நாட்டை விட்டுக்கொடுத்துவிட்டாள் என்றான் ஒருவன். தமிழனைத் தமிழனே கவிழ்க்கிறான் என்றான் இன்னொருவன். ருக்கையா ஒருவருக்கும் பதில் போடவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், ஈசா டவுன் பிள்ளைகளின் சீருடை மலையாகக் கிடந்தது.

மறுநாள் காலை விஜயபாஸ்கர் கடைக்கே வந்துவிட்டார்.

"சிஸ்டர், ஒரு பேச்சுக்காவது முதல் மூணுல சொல்லியிருக்கலாம்ல?"

"உட்காருங்க. மச்சான், டீ சொல்லுங்க."

"டீ இருக்கட்டும். அந்தப் பையன் நம்ம பையன். நாங்க கொடுத்த சிபாரிசுல உள்ள போயிட்டு அவனையே கீழ தள்ளினா, கமிட்டியில நான் என்ன சொல்றது? இறுதிப் போட்டிக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு. மாத்திச் சொல்லுங்க. இல்லன்னா அடுத்த வருஷம் லெட்டர் கேட்டு வராதீங்க."

"நீங்க லெட்டர் குடுத்தது என் காதுக்கா, என் வாய்க்கா?"

அவர் மேஜையில் கிடந்த அளவு டேப்பை எடுத்துச் சுருட்டினார்.

"காதுக்குன்னா அது கேட்டதைத்தான் சொல்லும். வாய்க்குன்னா வேற ஆளைப் பாருங்க, ஊர்ல நெறைய பேர் இருக்காங்க." இதைச் சொல்லும்போதும் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பதை அவள் நிறுத்தவில்லை. டீ வந்தது. மனுஷர் கோபத்திலும் டீயைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

அதோடு முடிந்திருந்தால் ருக்கையாவுக்குக் கவலையே இல்லை. மத்தியானம் உமாராணி போன் பண்ணினாள்.

"நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டீங்க போல லாத்தா. ஆனா ஒண்ணு, அந்தப் பையன் பாவம். காது செட்டு வேலை செய்யாம எப்படித்தான் பாடுறது?"

"என்ன செட்டு?"

"பாடுறவங்க அவங்க குரலை அவங்களே கேக்குறதுக்குக் காதுல ஒண்ணு மாட்டியிருப்பாங்களே. பாதியில அது செத்துப்போச்சு. காதைத் தட்டித் தட்டிக் காமிச்சான், சவுண்டு ஆளு கவனிக்கவே இல்ல. பாட்டு முடியற வரைக்கும் கைய ஆட்டிக்கிட்டே இருந்தான். நீங்க பாக்கலியா?" சொன்ன பிறகுதான் உமாராணிக்கே உறைத்தது. "ஆமா, நீங்க எங்க பாத்தீங்க."

ருக்கையா மெஷினை நிறுத்தினாள். கையில் இருந்த சட்டைக் காலரை வெறுமனே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இருபது வருஷமாக எந்தப் பழக்கத்தில் தன் காது வளர்ந்ததோ, அதே பழக்கம் இன்று ஒரு பிள்ளையின் மேல் பழி போட வைத்துவிட்டது. அவனுக்கு மூச்சு இல்லை என்று எத்தனை ரூமில், எத்தனை பஸ்ஸில் ஒலித்திருக்கும்.

மீராசா எட்டிப் பார்த்தார். "என்னவாம்?"

சொன்னாள்.

"அப்ப மாத்திச் சொல்லிடு."

"மாத்தினா என்ன சொல்வாங்க மச்சான்? விஜயபாஸ்கர் வந்து மிரட்டிட்டுப் போனார், லாத்தா பணிஞ்சிட்டாள்னு சொல்வாங்க. காலையிலதான் அத்தனை பேசி அனுப்பினேன். இனிமே நான் எதைச் சொன்னாலும் எவன் நம்புவான்?"

"மாத்தலைன்னா?"

"உண்மை தெரிஞ்ச அந்தப் பையன் நம்ப மாட்டான்."

மீராசா அவளிடம் எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்த மனுஷர். "நாளைக்கும் ஒத்திகை இருக்குல்ல? போய் மறுபடியும் கேளு. சீருடையை நான் பாத்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ருக்கையா கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். உமாராணி தோளில் இடித்துச் சிரித்தாள். "அட, இன்னைக்கு முழிச்சிருக்கீங்களே."

காதுக் கருவியை மாற்றியிருந்தார்கள். சோலைமுத்து பாடினான். முந்தின தடவை சுருங்கிப்போன இடத்தில் குரல் தேர் வடம் இழுத்தது மாதிரி நிமிர்ந்து போனது. கேட்டு முடித்ததும் ருக்கையா கணக்காக நினைத்தாள்: இவன் இரண்டாவது. பிமலாவை மறுபடியும் கேட்டாள். அவள் முதலாவதுதான். அதில் ஒரு நூல் இழை கூட மாற்றம் இல்லை.

ஒத்திகை முடிந்தால் பாடகர்களைப் பச்சைப் பட்டைக்காரர்களும் கொஞ்ச நேரம் பார்த்துப் பேசலாம். மற்றவர்கள் படம் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். ருக்கையா நேராகப் போய் நின்றாள்.

"தம்பி, அன்னைக்கு உன்னை ஆறாவதுன்னு சொன்னவ நான்தான்."

"தெரியும்மா. எங்க அம்மா அனுப்பிச்சாங்க."

"உங்க அம்மாவுக்கு எப்படிப் போச்சு?"

"எங்க மாமா சவுதியில இருக்காரு. அவரு ரூம்ல வந்துச்சாம்." பையன் சிரித்தான். "அம்மா உங்களைத் திட்டுச்சு. அப்புறம், அந்தம்மா சொல்றது சரிதான், மூச்சைக் கவனின்னு எனக்கும் திட்டு."

"செட்டு கெட்டுப்போச்சுன்னு நீ ஏன் நிறுத்தலே?"

"நிறுத்தினா பயந்துட்டான்னு எழுதுவாங்கல்ல."

ருக்கையாவுக்கு அந்தப் பதில் தன்னையே கண்ணாடியில் பார்த்தது போல் இருந்தது. அவளும் அதே பயத்தில்தானே நேற்று மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

அரங்கு வாசலிலேயே நின்று வாய்ஸ் மெசேஜ் போட்டாள். சுற்றி வளைக்கவில்லை.

"ருக்கையா பேசுறேன். சோலைமுத்து ஆறாவதுன்னு சொன்னேன். அது தப்பு. அவனுக்குக் காதுக் கருவி பாதியில கெட்டுப்போச்சு, நான் கண்ணை மூடியிருந்ததால அது எனக்குத் தெரியலே. மூச்சு இல்லன்னு சொன்னது என் பிழை, அவன் பிழை இல்லே. இன்னைக்குக் கேட்டேன், அவன் ரெண்டாவது. சங்கத்துலேருந்து வந்து மாத்தச் சொன்னாங்க, அதுவும் உண்மை. அவங்க சொன்னதுக்காக மாத்தியிருந்தா முதலாவதுன்னு சொல்லியிருப்பேன். முதலாவது நேபாளம்தான். இதை நம்புறவங்க நம்புங்க, நம்பாதவங்க உங்க போன், உங்க காது."

விஜயபாஸ்கரிடமிருந்து உடனே போன் வந்தது. "ரெண்டாவது வரைக்கும் வந்துட்டீங்க சிஸ்டர், இன்னும் ஒரு படிதானே?"

"அந்தப் படியில வேற ஆள் உட்கார்ந்திருக்கா காக்கா" என்றாள்.

இறுதிப் போட்டியில் ஜெயித்தது அவள் நான்காவதாகச் சொல்லியிருந்த ஒரு நாடு. ஆட்டம், வாணவேடிக்கை, எல்லாம் உண்டு. சோலைமுத்து மூன்றாவது. பிமலா ஐந்தாவது. உமாராணி அந்த முதல் நாட்டைத்தான் சொல்லியிருந்தாள், நாற்காலியில் நிலைகொள்ளவில்லை.

"லாத்தா, இப்பவாவது ஒத்துக்கிறீங்களா?"

"மக்கள் ஓட்டு மக்களோடது. நான் தப்பு பண்ணினா நானே சொல்வேன், நேத்துச் சொன்னேன்ல? இதுல தப்பு அவங்களோடது. அவங்க சொல்லட்டும்."

அடுத்த வெள்ளிக்கிழமை பழனிச்சாமி கடைக்கு வந்தார். தைக்க ஒன்றும் கொண்டுவரவில்லை.

"லாத்தா, ரூம்ல எல்லாரும் ஓட்டு நம்ம நாட்டுக்குத்தான் போட்டோம். உங்ககிட்ட மறைக்கக் கூடாதுல்ல."

"போடுங்க, அதுக்கென்ன. அவன் நல்லாத்தானே பாடினான்."

"ஆனா ஒரு வாரமா ரூம்ல ஓடுறது அந்த நேபாளப் பாட்டுத்தான். எதுத்த ரூம் நேபாளிப் பயலுக வந்து, பாய், போதும், எங்களுக்கே சலிச்சுப்போச்சுங்கிறானுங்க." தலையைச் சொறிந்தார். "அடுத்த வருஷமும் சொல்வீங்கள்ல? லெட்டர் குடுக்க மாட்டேன்னுட்டாங்களாமே."

"லெட்டர் இல்லாட்டி என்ன, டிவி இருக்கு" என்றபடி ருக்கையா போனில் பிமலாவின் பாட்டை வைத்தாள். வழக்கம் போலக் கவிழ்த்து வைக்கப் போனவள், ஒரு கணம் யோசித்து அதை நூல் டப்பாவின் மேல் சாய்த்து, திரை தெரிகிற மாதிரி நிறுத்தினாள்.

"கை தவறிடப் போவுது" என்றார் மீராசா.

"தவறினா பிரிச்சுத் தைக்கிறேன்" என்று மெஷினை மிதித்தாள்.