நூறு கிராம் தாளும் நாலு மூலை மஞ்சளும்

ஜவ்வாது மலையில் ஐப்பசி மாதம் தாளுக்கு ஆகாது. பனிமூட்டம் என் பிரிண்டிங் கடைக்குள் புகுந்தால் அரை நாளில் ஓரம் சுருண்டுவிடும். லேசர் பிரிண்டர் இரண்டிரண்டாக இழுத்துச் சிக்கிக்கொள்ளும். அதனால் என் தாள் கட்டுகள் தகரப் பெட்டிக்குள் துணி சுற்றி இருக்கும். பிரித்த தேதியை நாட்குறிப்பில் எழுதிவைப்பேன்.

"புள்ளைங்களக்கூட நீங்க இப்படிப் போத்தி வெச்சதில்ல" என்பாள் மனைவி.

அன்று காலை பத்து மணிக்குச் சாமை பயிரிடும் ஒருவர் வந்தார். இளைய மகள் கல்யாணத்துக்கு ஐம்பது பத்திரிகை வேண்டும். பதினோரு மணி பஸ்ஸில் படவேடு போய் முதல் பத்திரிகையைத் தாய்மாமனுக்குக் கொடுத்தாக வேண்டும். மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் அதே ஊரில் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். மூத்தவள் கல்யாணத்தில் மாமனுக்கு இரண்டாவதாகக் கொடுத்ததில் அவர் பந்தியில் உட்காராமலே திரும்பியிருந்தார்.

கையோடு பளபளப்பான தாள் கொண்டுவந்திருந்தார். அது மை தெளிக்கும் பிரிண்டருக்கானது, இந்த மெஷினின் சூட்டில் பூச்சு உருகி ஒட்டிக்கொள்ளும் என்று விளக்கினேன். சதுர மீட்டருக்கு எழுபத்தைந்து கிராம் எடை வரும் சாதாரணத் தாளைக் காட்டினேன். தடவிப் பார்த்தார்.

"இன்னா சார், மொளகா மடிக்கிற தாளாட்டம் இருக்குது!"

கடைசியில் நூறு கிராம் தாளில் ஒன்றை அடித்துக் காட்டினேன். மொடமொடவென்று நேராக வந்தது. தாளுக்கு இரண்டு பத்திரிகை. இருபத்தைந்து தாள் எண்ணி மேசைமேல் வைத்துவிட்டு, கணினியில் முகூர்த்த நேரத்தைச் சரிபார்க்கத் திரும்பினேன்.

"தாள நானே மெஷின்ல வெச்சிட்டேன் சார்" என்றார்.

பொத்தானை அழுத்தினேன். கர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். திறந்தால் மூன்று தாள்கள் மூலையோடு மூலை ஒட்டிக் கிடந்தன. உருளை முழுக்க மஞ்சள்.

"இன்னாண்ணா இது?"

"மஞ்ச சார். அடிச்சப்புறம் வெச்சா காயணும்ல? பஸ் வந்துடும். அதான் முன்னாடியே எல்லாத் தாளுக்கும் நாலு மூலையிலயும் வெச்சிட்டேன்."

வீட்டிலேயே குழைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்திருந்தார். கடையில் கூட இருந்த மனைவி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. தாளின் தடிமன், வழவழப்பு, ஈரம் என்று நான் பார்ப்பவை ஏழு. மஞ்சள் அதில் இல்லை.

நூறு கிராம் தாள் வேறு இல்லை. உருளையைத் துடைக்க அரை மணி நேரம் ஆயிற்று. மிளகாய் மடிக்கும் தாளுக்கே அவர் சம்மதித்தார். முதல் மூன்று தாள்களின் ஓரத்தில் இளமஞ்சள் தீற்றல் விழுந்தது. கழிவு என்று தள்ளி வைத்தேன்.

"தூக்கிப் போடாதீங்க சார்! மெஷினே மஞ்ச வெச்சிக் குடுக்குது, இதைவிட இன்னா வேணும்?"

மூன்றையும் பாதியாக வெட்டித் தரச் சொன்னார். ஆறில் மஞ்சள் அதிகம் இருந்த ஒன்றை மாமனுக்கென்று எடுத்துச் சட்டைக்குள் பத்திரப்படுத்தினார். ஹாரன் கேட்டது. மீதியைச் சாயங்காலம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு ஓடினார். கண்டக்டர் கை கொடுத்து ஏற்றிக்கொள்வதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மீதி நாற்பத்து நாலும் அப்பழுக்கில்லாமல் வந்தன. அவர் விட்டுப்போன மஞ்சள் கிண்ணத்தை மனைவி என் முன்னால் நகர்த்தினாள்.

"நாலு மூலைக்கும் ஸ்கேல் வெச்சி வெய்யிங்க."

வைத்தேன், ஸ்கேல் இல்லாமல்தான்.