விமானக் கழிப்பறையில் ஒரு தீப்பெட்டி: மதுரையிலிருந்து சென்னைக்குப் போன கதை

2007, ஆடி மாதம். சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு அது காலண்டர் சீசன் தொடங்கும் நேரம். சென்னை ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், மறுநாள் மாலைக்குள் மாதிரி ஆல்பத்தை நேரில் காட்டினால்தான் ஆர்டர் என்று போனில் சொல்லிவிட்டார். ரயிலில் இடமில்லை. முதலாளி விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். எனக்கு அது மூன்றாவது விமானப் பயணம். முதல் இரண்டிலும் பக்கத்து இருக்கைக்காரர்களால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதனால் யாரையும் நம்புவதில்லை என்ற முடிவோடுதான் கிளம்பினேன்.

சிவகாசியிலிருந்து விருதுநகர், திருமங்கலம் வழியாக மதுரை விமான நிலையம் சுமார் எழுபது கிலோமீட்டர். வாடகைக் காருக்குத் தொள்ளாயிரம் ரூபாய். காலை ஏழரைக்குப் புறப்பட்டு ஒன்பது மணிக்குள் போய்விட்டோம். இறங்கும்போது டிரைவர் என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அக்கா, உள்ள மத்தாப்பு கித்தாப்பு இல்லையே? நம்ம ஊர் பேரச் சொன்னாலே ஒரு மாதிரியா பாக்காக."

"காலண்டர்தாம்ப்பா."

"அப்ப மேலாப்புல சாமி படத்த வச்சிக்கோங்க."

பதினொரு மணி விமானம் பன்னிரண்டே காலுக்குத்தான் கிளம்பியது. சின்ன விமானம். இறக்கையில் காற்றாடி சுற்றும் வகை. இந்தப் பக்கம் இரண்டு இருக்கை, அந்தப் பக்கம் இரண்டு. ஏறும் வாசலும் ஒரே ஒரு கழிப்பறையும் பின்னால். எனக்குக் கடைசி வரிசையில் நடைபாதை ஓர இருக்கை.

ஜன்னலோரத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். மடியில் ரெக்சின் பை. அதை மேலே வைக்கச் சொன்னால் வைக்கவில்லை, காலடியில் தள்ளச் சொன்னாலும் தள்ளவில்லை. அவர் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் வெள்ளி மினுமினுப்பு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. வெடி ஆலையில் அலுமினியப் பொடி அள்ளுகிற கை.

கதவு மூடிய பிறகும் அவர் செல்போனை வைக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு பேசினார். "ஏறிட்டேன். நான் வாரவரைக்கும் நீ உள்ள போயிராத. சரக்கு மடியிலதான் இருக்கு."

சரக்கு என்றால் என்ன சரக்கு? யார் எங்கே உள்ளே போகக் கூடாது?

நடைபாதைக்கு அந்தப் பக்கம் தங்க பிரேம் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் இருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வாயில் புதினா மிட்டாய். பணிப்பெண் தண்ணீர் கொடுத்தபோது அந்த வரிசையில் நன்றி சொன்ன ஒரே ஆள் அவர்தான். என் பக்கம் சாய்ந்து, "இந்த மாதிரி ஆளுங்களை எல்லாம் பிளேன்ல ஏத்தினா இப்படித்தான். கொஞ்சம் கவனமா இருங்க மேடம்" என்றார். எனக்கும் சரியென்றே பட்டது.

விமானம் மேலே போனதும் ஜன்னலோரத்துக்காரர் என் கால்களை மிதித்துக்கொண்டு, பையோடு கழிப்பறைக்குப் போனார். பையோடு! அவர் வந்ததும் நான் எழுந்து போய்ப் பார்த்தேன். சந்தேகம்தான் காரணம். தரையெல்லாம் தண்ணீர். வேறு ஒன்றுமில்லை, ஒரு வாடையும் இல்லை. நான் வந்து உட்கார்ந்த பிறகு பெரியவர் போனார். வெகு நேரம் கழித்துத்தான் வந்தார்.

அவருக்குப் பின்னால் உள்ளே போன பணிப்பெண் முகம் சிவந்து வெளியே வந்தாள். உள்ளே சிகரெட் புகை. குப்பைத் தொட்டியில், ஈரக் காகிதத்தில் சுற்றிய தீப்பெட்டி.

"யார் சிகரெட் பிடிச்சது?"

பெரியவர் தயங்கவே இல்லை. "எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. அதோ, ஜன்னல் பக்கம் இருக்காரே, அவரைக் கேளுங்க. கையைப் பாருங்க, எந்த ஊர்னு கேளுங்க."

"வெம்பக்கோட்டைங்க. சிவகாசி பக்கம்" என்றார் அவர். தீப்பெட்டியில் சிவகாசி என்றே அச்சிட்டிருந்தது. முன்வரிசைத் தலைகள் எல்லாம் திரும்பின.

"இந்தியா பூராம் எங்க ஊரு தீப்பெட்டிதாம்மா. அதுக்கெல்லாம் நானா பொறுப்பு?" என்றார். சென்னையில் இறங்கியதும் பாதுகாப்பு அதிகாரி வருவார், யாரும் எழக் கூடாது என்று பணிப்பெண் சொல்லிவிட்டாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"விசாரிக்க எம்புட்டு நேரம் ஆகும் தாயி? எம்மக நர்சு வேலைக்குக் குவைத்து போறா. ரெண்டு மணிக்கு உள்ள போயிருவாளாம். இனி ரெண்டு வருசம் கழிச்சுத்தான் வருவா. சேவு வாங்கியாரச் சொன்னா."

பையைத் திறந்தார். எண்ணெய் ஊறிய தாள் பொட்டலத்தில் சாத்தூர் காராச்சேவு. அதற்கு அடியில் ஒரு துண்டு. அவ்வளவுதான் சரக்கு.

அவர் யோக்கியர் என்று சேவு நிரூபித்துவிடாது. ஆனால் கழிப்பறைக்கு யாருக்குப் பின் யார் போனார் என்பது எனக்குத் தெரியும். பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன்.

"இவருக்கு அப்புறம் நான் போனேன். அப்போ புகையும் இல்லை, வாடையும் இல்லை. எனக்கு அப்புறம் போனவர் அந்த சார்தான்."

பெரியவர் சிரித்தார். "நீங்க எந்த ஊர் மேடம்?"

"சிவகாசி."

"பார்த்தீங்களா, ரெண்டு பேரும் ஒரே ஊர். பேசி வச்சுக்கிட்டு வந்திருக்காங்க."

இப்போது தலைகள் என்னைப் பார்க்கத் திரும்பின. என் ஆல்பம், ஆர்டர், முதலாளி முகம் எல்லாம் கண்முன் வந்து போயின. பேசாமல் இருந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை.

ஒன்றரைக்கு விமானம் தரையைத் தொட்டது. அதிகாரி ஏறி வந்து பணிப்பெண் சொன்னதைக் கேட்டார். பிறகு மூன்று பேரையும் கையை நீட்டச் சொன்னார். வெம்பக்கோட்டைக்காரர் விரலை மோந்துவிட்டு, "பூண்டு" என்றார். சேவுப் பொட்டலத்தின் வாடை. என் கையை விட்டுவிட்டார். பெரியவர் கையை நீட்டவில்லை.

"நான் யார் தெரியுமா?"

"தெரியாது சார். சட்டைப் பையில என்ன?"

புதினா மிட்டாய்க்குப் பின்னால் ஒரு சிகரெட் பெட்டி. இரண்டு குறைந்திருந்தது. பெரியவர் அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் என்னென்னவோ சொன்னார். அதிகாரி எங்களைப் போகச் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் வெம்பக்கோட்டைக்காரருக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. வெளிநாட்டு முனையம் பக்கத்திலேயே தனிக் கட்டடம், நடந்தே போகலாம். நான் முன்னால் ஓட, அவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். வாசலில் தள்ளுவண்டியோடு ஒரு பெண் கழுத்தை எக்கி நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கனப்பா போனீக? எம்புட்டு நேரமா நிக்கேன்!"

அவர் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். அவள் அங்கேயே பிரித்து ஒரு வாய் போட்டுக்கொண்டாள். மென்றுகொண்டே அழுதாள். நான் ஆட்டோ பிடிக்கக் கிளம்பினேன். ஆர்டர் கிடைத்தது.

இந்தத் தடத்தில் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஒன்றேகால் மணி நேரத் தாமதத்தைக் கணக்கில் சேர்த்தே சென்னை வேலையை வையுங்கள். கதவு மூடினால் போனை அணைத்துவிடுங்கள், மடிப் பையைக் காலடியில் தள்ளுங்கள், கழிப்பறைத் தரையைத் துடைத்துவிட்டு வாருங்கள். வெம்பக்கோட்டைக்காரர் இதில் ஒன்றையும் செய்யவில்லை. மிதிபட்ட என் கால் இரண்டு நாள் வலித்தது. சின்ன விமானத்தில் கடைசி வரிசை வேண்டவே வேண்டாம். அங்கே மாட்டிக்கொண்டால் கண்ணைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் இருப்பவரைச் சந்தேகப்படுவது உங்கள் இஷ்டம், நான் இப்போதும் படுகிறேன். ஆனால் யாராவது கேட்டால், பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். அதையும் விமானம் தரையிறங்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கீழே யாரோ ஒருவர் வாசலில் காத்துக்கொண்டிருப்பார்.