கழன்ற தோள்

படப்பையில் மகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் வடக்குப்பட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. ஏறும்போதே ஓட்டுநருக்கு என் உடம்பு பிடிக்கவில்லை.

"இன்னாக்கா, ரெண்டு ஆள் எடத்துல ஒரே ஆளா குந்திகினா எப்டி? கொஞ்சம் ஒடுங்கி உக்காரு."

"ரெண்டு ஆள்தாண்ணா. ஒண்ணு மடியில கீது."

பக்கத்தில் கம்பெனிச் சீருடையில் இருந்த பெண் சிரித்தாள். இருந்தாலும் ஒடுங்கி உட்கார்ந்தேன். யாராவது சொன்னால் கேட்டுவிடுவது என் வழக்கம். இடது கையில் குழந்தை. வலது கையால் தலைக்கு மேலிருந்த கம்பியைப் பிடித்திருந்தேன். வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. வலது தோள் கழன்று முன்பக்கம் இறங்கியது. வலியில் இடது கையும் தளர்ந்து, குழந்தை என் முழங்கால்வரை சரிந்துவிட்டாள்.

"கொழந்தைய பிடிம்மா. என் கை கழண்டுடுச்சு."

"கையா? கை எப்டிக்கா கழலும்?" கேட்டுக்கொண்டே அந்தப் பெண் குழந்தையை வாரிக்கொண்டாள்.

இரண்டு கைகளையும் முழங்காலைச் சுற்றிக் கோத்துக்கொண்டு மெல்லப் பின்னால் சாய்ந்தேன். அப்படிச் சாய்ந்தால் எலும்பு உள்ளே போய்விடும். எனக்குப் பழக்கம்தான். 'டொக்' என்றது.

"இன்னா சத்தம்? வண்டில எதனா ஒடஞ்சிச்சா?" என்றார் ஓட்டுநர்.

"வண்டி நல்லாத்தான் கீது. ஓட்டுங்க."

வீடு வரும்வரை குழந்தையை அந்தப் பெண்தான் வைத்திருந்தாள். திருப்பிக் கேட்க எனக்கு வெட்கம். கம்பியை இடது கையால் பிடித்திருக்கலாமோ, அடுத்த வண்டிக்குக் காத்திருந்திருக்கலாமோ என்று வழி முழுக்க என்னையே குடைந்துகொண்டிருந்தேன். இதில் என் தப்பு என்ன என்ற கேள்வி வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் வந்தது. கோபமும் அப்போதுதான் வந்தது.

டிப்ளமோ படிக்கும்போது நான் குத்துச்சண்டை ஆடியவள். ஹெவிவெயிட். பெண்களில் அந்த எடைக்கு மாநிலம் முழுக்கத் தேடினாலும் சிலர்தான் கிடைப்பார்கள். சில போட்டிகளில் மேடை ஏறினாலே ஏதாவது ஒரு பதக்கம் உண்டு. அதனால் என்னைப் போன்றவர்கள் பயிற்சியாளர்களுக்குச் செல்லம். "உடம்ப கொறைச்சுடாதம்மா, நம்ம ஜில்லா பாயிண்டே உன் உடம்புலதான் கீது" என்பார் எங்கள் பயிற்சியாளர். அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், வலியை முகத்தில் காட்டக் கூடாது என்பது. காட்டினால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி எண்ணத் தொடங்கிவிடுவார்.

மாநிலப் போட்டிக்குச் சில நாள் முன்பு பயிற்சியில் முதன்முறையாக வலது தோள் கழன்றது. அவரே இழுத்துப் போட்டார். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன்.

"டாக்டரு ஆடாதன்னுவாரு. அதுக்கு ஒருத்தர கேக்கணுமா? நீ சும்மா ஏறி நில்லு. பெல் அடிச்சதும் நான் துண்டு போட்டு ஆட்டத்த வுட்டுக் குடுத்துர்றேன். ஏறுறதே ரெண்டு பேருதான், தோத்தாலும் வெள்ளி நமக்கு."

ஏறினேன். பெல் அடித்தது. துண்டு வரவில்லை. இடது கையால் மட்டுமே குத்திக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த பெண் பின்வாங்கினாள். பயிற்சியாளர் நின்ற மூலையைத் திரும்பிப் பார்த்தேன். துண்டு அவர் தோளிலேயே கிடந்தது. "ரைட்டு வுடு, ரைட்டு வுடு" என்று கத்தினார். தங்கம் தெரிந்துவிட்டது அவருக்கு. வலது கையை வீசினேன், குத்து காற்றில் போனது. உள்ளே எதுவோ கிழிந்தது எனக்கே தெரிந்தது. அதுதான் என் கடைசிக் குத்து. ஆபரேஷன் செய்யாவிட்டால் தோள் சும்மா சும்மா கழலும் என்று பிறகு டாக்டர் சொன்னார். அந்த மனிதர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. ஏன் வரவில்லை என்று நானும் போய்க் கேட்கவில்லை. நல்ல மாணவி.

ஒரகடத்தில் குவாலிட்டி செக்ஷனில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே லைனில் இருந்த தென்காசிக்காரரைக் கட்டிக்கொண்டேன். தோள் விஷயம் அவருக்குத் தெரியும். ஆனால் கழன்று பார்த்ததில்லை. குளியலறைக்குள் போய்ச் சாய்ந்து, போட்டுக்கொண்டு, முகம் கழுவி வெளியே வந்துவிடுவேன்.

ஆட்டோவில் நடந்ததை அன்று மாமியாரிடம் சொன்னேன்.

"அதான் திரும்ப ஏறிட்டுல்லா. இனி என்ன, மறுபடி குத்துச்சண்டைக்கா போவப்போற?"

"ஆபரேஷன் பண்ணிட்டா கழலாதுங்கத்தை."

"பண்ணிட்டு மாசக்கணக்குல கையைக் கட்டிப் போட்டிருந்தா பிள்ளைய யாரு தூக்குவா?"

ஷிப்ட் முடிந்து வந்த கணவரும் அதையேதான் கேட்டார். லைனில் ஆள் இல்லை, லீவு கிடைக்காது, கொஞ்ச நாள் போகட்டும் என்றார். பிள்ளையை யார் தூக்குவார்கள் என்று இருவருக்கும் கவலை. கழலும் கையோடு நான்தான் தினமும் தூக்கிக்கொண்டிருந்தேன். கீழே விழுந்தால் யார் பிடிப்பது என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. நானும் சிரித்த முகமாகவே சொல்லியிருக்கிறேன். நடுவருக்குக் காட்டிய அதே முகம்.

அடுத்த வாரம் கொடியில் துணி காயப்போடும்போது மறுபடி கழன்றது. குழந்தை பாயில் விளையாடிக்கொண்டிருந்தாள். கணவரும் வீட்டில்தான் இருந்தார். குளியலறை வரை போய்விட்டேன். கதவைச் சாத்தாமல் திரும்பி வந்து கூடத்தில் உட்கார்ந்து, நைட்டியின் தோள்பக்கத்தை விலக்கினேன்.

அவர் பார்த்தார். தோள் இருக்க வேண்டிய இடம் குழிந்து, கீழே எலும்பு புடைத்து நின்றது.

"என்னது இது... உள்ள தள்ளு. நீயே தள்ளுவேல்லா?"

"தள்ள மாட்டேன். ஆஸ்பத்திரியில தள்ளட்டும். வண்டி கூப்பிடுங்க."

"இப்படியேவா வருவ?"

"இப்படியேதான்."

வாய்விட்டு அழுதேன். குழந்தை மிரண்டு போய் அவளும் அழுதாள். அவளைப் பயமுறுத்திவிட்டேனே என்று உள்ளே உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது. ஆனாலும் நிறுத்தவில்லை. அடுப்படியிலிருந்து ஓடிவந்த மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏளா, இம்புட்டையும் வச்சிக்கிட்டா பிள்ளையத் தூக்கிட்டுத் திரிஞ்ச? சொல்ல வேண்டாமா?"

"சொன்னேன் அத்தை."

மாமியார் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். என் கணவர் ஒரு கையால் செருப்பைத் தேடிக்கொண்டே, மறு கையிலிருந்த போனில் சூப்பர்வைசரிடம் லீவு சொல்லிக்கொண்டிருந்தார்.