மோனா கிளினிக்

கோபம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வது எங்கள் வீட்டில் பரம்பரைச் சொத்து. அதிலும் அம்மாவும் சித்தியும் ஒரே நேரத்தில் திருப்பிக்கொண்டால் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவள் நான்தான். ஜோகுபாளையத்தில் இரண்டே அறை உள்ள வீடு. அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடு தங்கி ஜியாலஜி படித்துக்கொண்டிருந்தாள். அம்மா தேடிப்பிடித்த மாப்பிள்ளை வீட்டாரிடம், படிப்பு முடியாமல் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று சித்தி முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். அக்கா தங்கைக்குள் அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

"உங்க சித்திகிட்ட சொல்லு, தோசை ஆறுது" என்பாள் அம்மா. சித்தி கையெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பாள்.

"பேடான்னு சொல்லு." கோபம் வந்தால் சித்திக்குக் கன்னடம்தான் வரும். அந்த 'பேடா'வை நான் 'வேண்டாம்' என்று தமிழாக்கி அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இவர்கள் எப்போதுதான் பேசிக்கொள்வார்களோ என்று எனக்கு அழுகையாக வரும்.

சித்திக்குப் பிராக்டிகல் பரீட்சை. முந்தின நாள் சாயங்காலம், கல்லூரியிலிருந்து வாங்கிவந்த சின்னச் சின்ன மரக்கட்டைகளைப் பாயில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். எந்தக் கல் எந்த வடிவத்தில் விளையும் என்று காட்டும் கட்டைகளாம் அவை. ஒவ்வொன்றையும் விரலிடுக்கில் பிடித்துச் சுற்றிச் சுற்றி உரக்கப் படித்தாள்.

"உப்பு, க்யூபிக். ஒரு சுத்துல நாலு வாட்டி அதே முகம் வரும். வைரமும் க்யூபிக்."

உப்பும் வைரமும் ஒரே ஜாதியா? பிறகு ஏன் அம்மா வைரத் தோட்டை மட்டும் பீரோவில் பூட்டி, உப்பு ஜாடியைத் திறந்துபோட்டு வைத்திருக்கிறாள்? எனக்குத் தலை சுற்றியது.

"கல்கண்டு, மோனோகிளினிக். அதுலயாச்சும் கொஞ்சம் ஒத்துவரும். ட்ரைகிளினிக்ல சுத்தம், எப்படித் திருப்பினாலும் அதே முகம் வராது. உங்கம்மா மாதிரி" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தவள், "நாளைக்கு இது மட்டும் நல்லபடியா முடிஞ்சிட்டா தப்பிச்சேன்டா சாமி!" என்று பெருமூச்சு விட்டாள்.

அடுக்களைக்குப் போனேன். அம்மா சாம்பாரைக் கிளறிக்கொண்டே, "உள்ள என்னடி முணுமுணுப்பு?" என்றாள்.

கேட்டதைக் கேட்டபடி சொல்வதுதானே என் உத்தியோகம்? "நாளைக்கு சித்தி மோனா கிளினிக் போறாம்மா. அங்க கொஞ்சம் ஒத்துவருமாம். ட்ரை கிளினிக்ல ஒத்தே வராதாம். நல்லபடியா முடிஞ்சிட்டா தப்பிச்சேன்னு சொன்னா."

அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. முகம் வெளுத்துப்போயிற்று. அடுப்பை அணைத்துவிட்டு விடுவிடுவென்று அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள். நான் கதவில் காதை வைத்தேன்.

"யாருடி? சொல்லு, யாரு?" அம்மா அழுதாள்.

"என்னக்கா யாரு?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பேசிவிட்டார்கள்! ஆனால் ஏன் அழ வேண்டும்?

"என்கிட்ட மறைக்காதடி. எதுவா இருந்தாலும் நான் இருக்கேன். ஊரு என்ன வேணா பேசட்டும். தனியா கிளினிக்குக்கு மட்டும் போகாத."

 பிறகு சித்தியின் குரல், சிரிப்பும் அழுகையுமாக: "ஐயோ அக்கா, அது மோனோகிளினிக்! கல்லுக்கா, கல்லு!"

"கல்லா? எங்கடி, கிட்னியிலயா?"

வீடே அதிரும்படி சித்தி சிரித்தாள். கதவு திறந்தபோது அம்மாவின் கண் வீங்கியிருந்தது. கையில் ஒரு மரக்கட்டை. சித்தி அவள் தோளில் சாய்ந்துகொண்டு அதைச் சுற்றிக் காட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன். கோணல்மாணலாக ஏதோ இருந்தது. அதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. "வெளிய எங்கயும் கிளினிக்னு வாயத் திறந்த, அவ்ளோதான்!" என்று எனக்கு மட்டும் ஒரு குட்டு விழுந்தது.

மறுநாள் காலையில் அம்மா தன் கையாலேயே சித்திக்குத் தயிரும் சர்க்கரையும் ஊட்டி அனுப்பினாள். என் உத்தியோகம் போயிற்று. அதன் பிறகு பக்கத்து ஹலசூருக்குப் போகும்போதெல்லாம் மோனா கிளினிக் போர்டைத் தேடுவேன். அவர்களைப் பேச வைத்த இடமாயிற்றே!

என்னை உறுத்தியதெல்லாம் ஒன்றுதான். அம்மா அழுதுகொண்டே "யாரு" என்று கேட்டாளே, சித்தி கடைசிவரை ஒரு பேரும் சொல்லவில்லை. அந்தப் பேரைத் தெரிந்துகொள்ளாமலே அம்மா ஏன் "நான் இருக்கேன்" என்று சொன்னாள்?